யானையுடன் செல்லாத ஏடு

மொகலாயப் பேரரசர் அக்பர் சிவிங்கிகளை வளர்த்தார். வடநாட்டார் சீத்தா என வழங்கும் இவ்வேட்டை விலங்கு ஒரு காலத்தில் ஆயிரம் வரை அவரிடம் இருந்தது என்று மைந்தர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்துள்ளார். அவை அரண்மனையிலேயே குட்டி ஈனவேண்டும் என்பது அக்பரின் நெடுநாள் விருப்பம். ஆணையும் பெண்ணையும் சோடி சேர்த்துத் தோட்டங்களில் உலவ விட்டும் பார்த்தார், பலன் கிட்டவில்லை. பின்னர், ஜஹாங்கீரின் ஆட்சியில், ஆண் சிவிங்கி ஒன்று தன் கழுத்துப் பட்டியினின்றும் நழுவிப் பெண் ஒன்றை நாடிச் சென்றது. மூன்று குட்டிகள் பிறந்தன. விசித்திரமான செய்தி என்று கருதிப் பேரரசர் அதனைக் குறித்துக்கொண்டார். மனிதர் பராமரிப்பிற் சிவிங்கி ஈன்றதாக அதற்கடுத்து நாம் காணும் பதிவு 1956 ஆம் ஆண்டுக்குரியது. இடம் அமெரிக்காவின் பிலடெல்பியா மிருகக்காட்சிச்சாலை.

இடையிற் கழிந்தவை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். காட்டிற் பெண் சிவிங்கி தனித்தே வாழ்வது. ஆண்கள் வேறாக, பெரும்பாலும் உடன்பிறந்த ஆண்களோடு கூடித் திரிவன. இரண்டையும் ஒரே கூட்டில் நாள்தோறும் அடைத்துவைத்தால் ஒன்றன்மேல் ஒன்றுக்கு நாட்டம் அற்றுப்போகும். தென்னாபிரிக்காவின் டி வில்ட் என்னுமிடத்தில், 1970களில், பெண்களைப் பிரித்து வைத்து ஆண்களை வேலியோரமாக நடத்திச் சென்று, நாட்டத்தின் குறி தோன்றிய பின்னரே சேர்த்தார்கள். குட்டிகள் தொடர்ந்து பிறந்தன. ஜஹாங்கீரின் குறிப்பு ஒன்றே இவ்வளவையும் உணர்த்தியிருக்கும் என்று நாம் வாதிக்கவில்லை. அவர் கண்டது ஒரு நிகழ்ச்சி; நிகழ்ச்சி ஒன்று உண்மையாவதற்கு அதுபோன்ற வேறு பல அதன் அருகில் வந்து நிற்றல் வேண்டும். ஒரு கூட்டின் முன் கண்டதை மற்றொரு கூட்டின் முன் நிற்பவன் அறியாதிருப்பதால் விளையும் கேடு எத்தகையது என்பதற்கு இக்கதை போதுமான சான்று.

மிருகக்காட்சிச்சாலைகள் தமக்குள் விலங்குகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அவ்விலங்குகளின் நடத்தையைப் பற்றித் தாம் அறிந்ததை அவ்வளவு தாராளமாகப் பரிமாறிக்கொள்வதில்லை. இது சிறு குறைபாடு போலத் தோன்றலாம். கூட்டுக்குள் இருக்கும் உயிருக்கு இஃது ஆயுட்காலத் துன்பம் என்பதே நம் அபிப்பிராயம்.

பதிவு செய்யும் வழக்கம் இவ்விடங்களுக்குப் புதியதன்று. இலண்டன் மிருகக்காட்சிச்சாலை 1828 இல் தொடங்கியபோதே அன்றாட நிகழ்ச்சிகளைக் குறிக்கும் பேரேடு ஒன்றும் தொடங்கப்பட்டது. எது வந்தது, எது பிறந்தது, எது இறந்தது என்பன அதில் உண்டு. அடுத்த பெரும்படி ஐரோப்பியக் காட்டெருது ஒன்றின் அழிவினால் நேர்ந்தது. முதல் உலகப் போரும் அதனை அடுத்த குழப்பமும் அவ்வினத்தைக் காடுகளிலிருந்து துடைத்துவிட்டன. காட்டில் எஞ்சியிருந்த கடைசி விலங்கு 1927 இல் கௌகேசிய மலைகளிற் கொல்லப்பட்டது. எஞ்சியவை பல நாடுகளின் பூங்காக்களிலே சிதறிக் கிடந்த சில பத்து உயிர்கள் மாத்திரமே. எது எதன் கன்று என்பதை நாடுகளின் எல்லை கடந்து அறிந்தாலன்றி அவற்றை மீட்க வழியில்லை. 1932 இல் முதலாவது வமிசாவளிப் பதிவேடு வெளிவந்தது. இன்று போலந்தின் பியலோவியேசாக் காட்டில் மேயும் மந்தைகள் அவ்வேட்டின் வழித்தோன்றல்கள் எனினும் பொருந்தும்.

1970களின் முற்பகுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் யுலிசிஸ் சீல் என்பாரும் டேல் மேக்கி என்பாரும் இப்பணியைக் கணினியில் ஏற்றினர். அவர்கள் நிறுவிய அமைப்பு 2016 இல் ஸ்பீசிஸ் 360 எனப் பெயர் மாறியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தத்தம் விலங்குகளின் பிறப்பு, இறப்பு, நோய், இடமாற்றம் ஆகியவற்றை அதன் பொதுப் பதிவேட்டில் இடுகின்றன. இதன் பயன் காட்சிச்சாலைகளோடு நிற்கவுமில்லை. பாலூட்டி, பறவை, ஊர்வன, ஈரூடகவாழி ஆகிய நான்கு வகுப்புகளிலும் பிறப்பு இறப்பு விபரம் முழுமையாக அறியப்பட்ட இனங்கள் நூற்றுக்கு 1.3 அளவே என்றும், இப்பொதுப் பதிவேட்டைச் சேர்த்தவுடன் அவ்வறிவு ஏறக்குறைய எட்டு மடங்கு பெருகுகிறது என்றும் 2019 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இவ்வளவும் போற்றத்தக்கவையே.

ஆயின் அப்பதிவேட்டை விரித்து, இவ்விலங்கு தன் பகற்பொழுதை எவ்வாறு கழிக்கிறது, இரவில் எத்தனை நாழிகை படுத்து உறங்குகிறது, பக்கத்துக் கூட்டிலிருந்த துணை இறந்தபின் எத்தனை நாள் உணவை மறுத்தது என்று கேட்டால் பெரும்பாலும் விடை இராது.

ஏன் இந்நிலை? இறப்பு என்பது எந்நாட்டிலும் இறப்பே. நடத்தை அப்படியன்று. ஒரு பராமரிப்பாளர், 'இன்று குரங்கு குழப்படி செய்தது' என எழுதுவார். மற்றொருவர் அதே செயலைக் கண்டு, 'இன்று குரங்கு உற்சாகமாக இருந்தது' என எழுதுவார். மூன்றாமவர் ஒன்றும் எழுதார். ஏனெனில் அவர் பார்வையில் அது குரங்கின் சுபாவம். இம்மூன்று ஏடுகளையும் ஒன்றாகக் கட்டி வைத்தாற் காகிதப் பாரம் கூடுமேயன்றி அறிவு கூடாது. கண்ணைக் கவர்வதை மாத்திரம் எழுதும் குறையும் ஒன்றுண்டு. உறுமியது, கடித்தது, வேலியில் மோதியது என்பன ஏட்டில் ஏறும். மூலையில் அசையாது கிடந்த ஆறு மணி நேரம் ஏறாது. விலங்கின் வாழ்வில் அந்த ஆறு மணி நேரமே பெரும்பகுதி.

இக்குறையை நீக்கும் வழியை 1974 இல் ஜீன் ஆல்ட்மன் என்னும் அமெரிக்க அம்மையார் ஒரு கட்டுரையில் வகுத்துக் கொடுத்தார். ஆபிரிக்கச் சமவெளிகளிலே பபூன் குரங்குகளின் பின்னே அலைந்தவர் அவர். அவர் விளக்கிய முறைகளுள் ஒன்றைப் பாடசாலை மாணவனும் கையாளலாம். குறித்த இடைவேளைக்கு ஒருமுறை, வைத்துக்கொள்வோம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, விலங்கைப் பார்க்கவேண்டும். அக்கணத்தில் அது என்ன செய்கிறதோ அதனை மாத்திரம் எழுதவேண்டும். சற்று முன்னர் அது செய்த வித்தை எவ்வளவு விநோதமாயினும் அதற்கு இடமில்லை. எழுதும் சொற்களும் முன்னரே வரையறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். 'நடத்தல்' என்றால் என்ன, ஒரே தடத்தில் முன்னும் பின்னும் 'உலாத்துதல்' என்றால் என்ன என்பதற்கு நிகண்டு போன்று ஒரு பட்டியல் உண்டு. எதோகிராம் என விலங்கியலார் கூறுவது இதனையே. நிகண்டு இன்றிச் செய்யுள் இயற்றுபவன் நிலையிலேயே இப்பட்டியல் இன்றி விலங்கை நோக்குபவனும் இருக்கிறான். சிக்காக்கோவின் லிங்கன் பார்க் மிருகக்காட்சிச்சாலையினர் இம்முறையைக் கைத்தொலைபேசி போன்ற சிறு கருவிகளிற் பயன்படுத்தும் வண்ணம் ஸூமொனிட்டர் என்னும் செயலியாக 2016 இல் வெளியிட்டனர். வேறு பல காட்சிச்சாலைகளும் அதனை மேற்கொண்டன. எனவே, கருவி இல்லை என்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

ஒரு காட்சிச்சாலை தன்னளவில் எவ்வளவு கவனமாக நோக்கினும் போதாதோ என்று வாசகர் வினவலாம். போதாது. அதற்குக் காரணம் எண்ணிக்கை. பெரும்பாலான காட்சிச்சாலைகளில் யானை இரண்டு அல்லது மூன்று. வெண்கரடி ஒன்று அல்லது இரண்டு. இரண்டு கரடிகளுள் ஒன்று ஓயாது உலாத்துமாயின், அது கரடியின் குணமா, கூட்டின் குறையா, உணவு நேரத்தின் பிழையா, குட்டிப் பருவத்தின் வடுவா என்பதை அவ்விடத்தவர் எந்நாளும் பிரித்தறிய மாட்டார். 2003 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொஸ் கிளப், ஜோர்ஜியா மேசன் என்னும் இருவர் பல இடங்களில், பல ஆண்டுகளாக, பலர் எழுதிய குறிப்புகளைத் திரட்டி ஊனுண்ணி இனங்களை ஒப்பிட்டனர். காட்டில் எவ்வினம் பரந்த நிலத்தில் திரிகிறதோ அவ்வினமே கூட்டில் அதிகம் உலாத்துகிறது. அதன் குட்டிகளே அதிகம் இறக்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. வெண்கரடிக்குக் கூட்டில் வழக்கமாகக் கிடைக்கும் நிலம் காட்டில் அதன் திரிபரப்பில் ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தனிக் கூட்டின் முன் ஆயுள் முழுவதும் நின்றவர்க்கும் இவ்வுண்மை புலப்பட்டிராது.

அவ்வாறாயின் யானைக்கும் நிலந்தானே குறை என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். இங்கேதான் பதிவுகளைப் பகிர்வதன் அருமை விளங்குகிறது. வட அமெரிக்காவின் 68 மிருகக்காட்சிச்சாலைகள் தம் யானைகள் 255 ஐயும் ஒரே அளவுகோலால் நோக்க இணங்கின. முடிவுகள் 2016 இல் வெளியாயின. நூற்றுக்கு 85 யானைகளிடம் பயனற்ற ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் காணப்பட்டது. நாளொன்றுக்கு அவை நடந்த தூரம் சராசரி 5 கிலோமீற்றருக்குச் சற்று மேல். நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை மிகை எடை கொண்டிருந்தன. ஆயின் அப்பழக்கத்தை மிகுவிப்பதும் குறைப்பதும் எவை எனத் தேடியபோது, நிலத்தின் பரப்பைவிடத் துணையின் நிலையே முன் நின்றது. தனியே பிரித்து வைக்கப்பட்ட நேரம் கூடக் கூட அப்பழக்கம் கூடியது. காட்சிச்சாலை விட்டுக் காட்சிச்சாலை மாற்றப்பட்டவற்றிலும் கூடியது. கன்றுகளும் இளம் யானைகளும் உடனிருந்த இடங்களிற் குறைந்தது. கரடிக்கு வேண்டியது ஒன்று, யானைக்கு வேண்டியது இன்னொன்று. பெருஞ்செலவில் வேலியை அகலப்படுத்திவிட்டு யானையைத் தனியே விட்டவர்கள் எத்தனை பேரோ!

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று நம்மவர் பழமொழி சொல்வதுண்டு. வீட்டுச் செலவைப் பற்றிய மொழி அது. எனினும் அதனுள் ஒரு பழைய கண்காணிப்பு அடங்கிக் கிடக்கிறது. கட்டுண்ட யானை அசைந்துகொண்டே இருக்கும் என்பதை நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். அதனை யானையின் இயல்பு என்றே கொண்டார்கள். கோயில் முன்றலில் மேளத்துக்கு யானை ஆடுகிறது என்று குழந்தைக்குக் காட்டி மகிழும் தாய்மாரை இன்றும் காணலாம். மேளம் ஓய்ந்த பின்னரும் அது ஆடுகிறதா என்று பார்ப்பவர் சிலரே. காட்டில் திரியும் யானை ஒரே இடத்தில் நின்று தலையை இப்படி நாழிகைக் கணக்காய் ஆட்டுவதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. நல்ல நிலம், நல்ல துணை, நல்ல உணவு எல்லாம் வாய்த்த ஓரிடத்தில் ஒரு யானை தலையை ஆட்டிக்கொண்டு நிற்கக் கண்டால் அவ்விடத்தைக் குறை கூறுவது நியாயமாகாது. இப்பழக்கம் ஒருமுறை வேரூன்றிவிட்டால், அதனைத் தோற்றுவித்த துன்பம் நீங்கிய பின்னரும் வடுப்போல நிலைத்துவிடக்கூடும் என்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். இன்று கொழும்பில் ஆடும் தலைக்குக் காரணம் இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு நகரத்தில் இருந்த சங்கிலியாகலாம். இன்று அமைதியாய் நிற்கும் விலங்கும் நலமாக இருக்கிறது என்பது நிச்சயமில்லை. நம்பிக்கை இழந்த விலங்கும் அமைதியாகவே நிற்கும். எனவே, விலங்கை மாத்திரம் அனுப்பி அதன் கதையை அனுப்பாதவர், பெறுபவருக்கு விடை காணவியலாத கணக்கொன்றை அனுப்புகிறார்.

இத்தகைய கணக்கொன்று நம் நாட்டிலிருந்தே புறப்பட்டது. 1985 இல் இலங்கை அரசாங்கம் பாகிஸ்தானுக்கு அன்பளிப்பாக ஓர் ஆண் யானைக் கன்றை அனுப்பியது. காவன் என்பது அதன் பெயர். வயது ஏறக்குறைய ஒன்று. இஸ்லாமாபாத்தின் மர்காசார் மிருகக்காட்சிச்சாலையில் அது முப்பத்தைந்து ஆண்டு இருந்தது. பின்னர் வங்காளதேசத்திலிருந்து சஹேலி என்னும் பெண் யானை துணையாக வந்தது. 2012 இல் அதுவும் இறந்துவிட்டது. அதன்பின் எட்டு ஆண்டுகள் காவன் வேறொரு யானையைக் காணவில்லை. சங்கிலியும், தகாத உணவினாற் பெருத்த உடலும், ஓயாது ஆடிய தலையும் அதனை உலகறியச் செய்தன. 2020 மே மாதத்தில் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் அதனை விடுவிக்கக் கட்டளையிட்டது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் விமானம் ஏறிக் கம்போடியாவின் சரணாலயம் ஒன்றுக்குச் சென்றது. அங்கே வேலிக்கப்பாலிருந்து மற்றொரு யானை நீட்டிய துதிக்கையைக் காவன் தன் துதிக்கையாற் தொட்ட புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பர்.

அப்படத்தைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தோருள் எத்தனை பேர் அது எங்கள் நாட்டு அன்பளிப்பு என நினைத்தார்கள்? பழியை ஒரு நகரத்தின் மேற் சுமத்திவிடுதல் எளிது. கொடுத்தவர் கேட்டிருக்கவேண்டியவை உண்டு. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகம் பற்றிய உடன்படிக்கை 1975 இல் நடைமுறைக்கு வந்தது. யானை நாடு விட்டு நாடு செல்ல அதன்படி அனுமதிப் பத்திரங்கள் வேண்டும். பெறுபவரிடம் தக்க வசதி உண்டா என்பதும் நோக்கப்படும். ஆயின் நடத்தைப் பதிவேடு ஒன்று விலங்குடன் செல்லவேண்டும், ஆண்டுதோறும் அதன் பிரதி கொடுத்தவருக்குத் திரும்பி வரவேண்டும் என்ற நியதி அதில் இல்லை. பெண் கொடுத்த வீட்டார் ஆண்டுக்கொருமுறையேனும் போய்ப் பார்த்து வருவது நம் ஊர் வழக்கம். அன்பளிப்பாக யானை கொடுக்கும் அரசு அவ்வளவாவது செய்தல் தகும். இந்த நாளில் எத்தனை மணி நேரம் தனித்து நின்றது, எத்தனை மணி நேரம் தலையை ஆட்டியது என்ற இரண்டு எண்கள் 2013 இலேயே கொழும்புக்கு வந்திருந்தால், உலகப் பாடகிகளும் நீதிமன்றங்களும் தலையிடும் வரை அவ்வுயிர் காத்திருக்க நேர்ந்திராது.

எண்களை வெளியிட அஞ்சுவோரின் அச்சத்திலும் உண்மை இல்லாமலில்லை. 2008 இல் முற்கூறிய கிளப், மேசன் ஆகியோரும் வேறு சிலரும் ஐரோப்பியக் காட்சிச்சாலைகளின் சொந்தப் பதிவேடுகளைக் கொண்டே ஓர் ஆய்வை வெளியிட்டனர். அங்குப் பிறந்த ஆபிரிக்கப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 16.9 ஆண்டு, கென்யாவின் அம்போசெலிக் காட்டில் இயற்கையாக மாண்டவற்றுக்கு 56 ஆண்டு. ஆசிய யானைக்குக் காட்சிச்சாலையில் 18.9, மியன்மாரில் மரம் இழுக்கும் யானைக்கு 41.7. உழைத்துப் பிழைக்கும் யானை, இருந்து உண்ணும் யானையினும் இரு மடங்குக்கு மேல் வாழ்ந்தது! இவ்வெண்கள் செய்தித்தாள்களில் வந்தபோது காட்சிச்சாலையினர் கொதித்தெழுந்தனர்; இவை பழங்கதை, இன்று நிலைமை திருந்திவிட்டது என்றனர். ஓரளவுக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆயின் திருந்திவிட்டது என்பதை நிறுவுவதற்கும் எண்களே வேண்டும் என்பதை அவர்கள் மறந்தனர். தாம் இட்ட பதிவே தம்மைச் சுட்டுகிறது என்று கண்டவன் அடுத்தமுறை பதிவதை நிறுத்தினால், இழப்பு ஆய்வாளருக்கன்று. வட அமெரிக்கர் வேறு வழியை மேற்கொண்டதை மேலே கண்டோம். நூற்றுக்கு 85 என்ற அவமானத்துக்குரிய எண்ணை அவர்கள் தாமே பங்குகொண்ட ஆய்வில் வெளிவர விட்டனர். எதனை மாற்றவேண்டும் என்பதையும் அதே ஆய்விலிருந்து கற்றனர்.

மிருகக்காட்சிச்சாலையே கூடாது என்பாரும் உளர். அவர்கள் வாதத்தை இங்கு ஆராயப் புகவில்லை. அவர்களது நாள் வரும்வரை கூட்டில் இருக்கும் உயிர்கள் இருக்கத்தானே செய்யும்.

இவற்றைவிட ஆழமான ஐயம் ஒன்றுண்டு. நாமும் அதனை மதிக்கிறோம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இடும் புள்ளியினால் ஒரு யானையின் மனத்தை அறிந்துவிடலாமா? முப்பது ஆண்டு அதனோடு பழகிய பாகன் அதன் காது மடங்கும் விதத்தில் அறிவதை எந்தப் பட்டியல் சொல்லும்? சொல்லாது. பேர்ண், பாசல், சூரிச் ஆகிய மூன்று நகரங்களின் காட்சிச்சாலைகளையும் அடுத்தடுத்து நடத்தியவரும், 1942 இல் வெளிவந்த தம் நூலால் இத்துறைக்கே அடிகோலியவருமான ஹைனி ஹெடிகர், விலங்கின் இடத்தைச் சதுர அடியால் அளப்பது போதாது, அவ்விடம் அதற்கு என்ன பொருள் தருகிறது என்பதை நோக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். அப்பொருளை அறிபவர் நாள்தோறும் கூட்டைத் திறப்பவரே. ஆயின் அவர் ஓய்வு பெறும் நாளில் அவ்வறிவும் உடன் வெளியேறிவிடுகிறது. பதிவேட்டின் வேலை பாகனை நீக்குவதன்று. அவர் காது மடலிற் கண்டதற்கும் ஒரு நிரல் ஒதுக்குவது. அவரைக் கேளாமல் ஆய்வாளர் தனியே வகுத்த பட்டியல் பெரும்பாலும் பயனற்றது என்றே கூறுவோம்.

அவ்வாறு வெளியேறிய அறிவு நம் நாட்டில் ஏராளம். கிழக்கிலங்கையில் ஏறாவூர் முதலாய ஊர்களின் பணிக்கர்கள், மான்தோற் கயிறு ஒன்றைக் கையிற்கொண்டு காட்டு யானையின் பின்காலிற் சுருக்கிடும் திறம் படைத்தவர். தமிழ் பேசும் முஸ்லிம்களான இவர்களின் துணிவை வியந்து எமர்சன் டெனன்ற் 1859 இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். யானை எப்போது திரும்பும், எப்போது திரும்பாது என்பதை அடிச்சுவட்டிலும் முறிந்த கிளையிலும் படித்தவர்கள் அவர்கள். அந்தப் படிப்பை அவர்கள் மொழியிலேயே எவரும் அப்போது எழுதிவைத்திருந்தால் அது தமிழுக்கே ஒரு தனி நூலாகியிருக்கும்.

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் வரலாறும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது. ஜோன் ஹகன்பெக் என்னும் யேர்மன் வணிகர் வெளிநாடுகளுக்கு அனுப்புவதற்கென விலங்குகளை வைத்திருந்த இடம் அது. அவருடைய வணிகம் நொடித்தபின் 1936 இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. விலங்கை ஏற்றுமதி செய்வதற்கென எழுந்த அவ்விடத்திலிருந்து பின்னாளில் அறிவும் ஏற்றுமதியாயிற்று. அதன் பணிப்பாளராக விளங்கிய லின் டி அல்விஸ், 1973 இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலைக்கும், 1994 இல் அங்கு அமைந்த இரவு விலங்குப் பூங்காவுக்கும் ஆலோசகராயிருந்தார். இரும்புக் கம்பிகளை நீக்கி அகழியும் மரமும் கொண்டு விலங்குகளை வைக்கும் அவ்விடங்களைக் காண நம்மவரும் கட்டணம் செலுத்திச் செல்கின்றனர்.

எனவே, மேல்நாட்டார் கொடுக்க நாம் பெறுவது என்று இவ்விஷயத்தைக் கருதவேண்டியதில்லை. 1975 இல் தொடங்கிய பின்னவலை யானைகள் அநாதை இல்லத்திற் பல பத்து யானைகள் ஒரே கூட்டமாக வாழ்கின்றன. 1984 முதல் அங்கே கன்றுகள் பிறந்துவருகின்றன. பாட்டி, தாய், கன்று என மூன்று தலைமுறை ஒரே நிலத்தில் நிற்பதை மேல்நாட்டுக் காட்சிச்சாலைகளுட் பெரும்பாலானவை கனவிலும் காணமாட்டா. அங்குள்ள சங்கிலி பற்றியும், பார்வையாளர் புட்டிப்பால் ஊட்டும் காட்சி பற்றியும் கண்டனங்கள் உண்டு. அவற்றிற் சில நியாயமானவை. அதற்காகவே அங்குப் பதிவு வேண்டும் என்போம். கன்று உடனிருந்தால் யானையின் வெற்றசைவு குறைகிறது என்று அமெரிக்கர் சில கன்றுகளைக் கொண்டு கண்டதை, கன்றுகள் நிறைந்த பின்னவலையிற் சோதித்து உறுதிப்படுத்தவோ மறுக்கவோ நம்மால் இயலும். சங்கிலியில் நின்ற நேரத்துக்கும் தலை ஆடிய நேரத்துக்கும் உள்ள உறவையும் அங்கேயே அளக்கலாம். விடை கசப்பாயிருப்பினும் அது பிறருக்குப் பயன்படும் விடை.

இதற்கு ஆட்கள் எங்கே என்ற கேள்வி எழும். ஜேன் குடால் அம்மையார் 1984 இற் சிம்பன்சூ என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, பல காட்சிச்சாலைகளின் சிம்பன்சிகளை ஒரே முறையில் நோக்கிப் பதியும் பணியிற் பெரும்பகுதியை மாணவரிடமும் தொண்டரிடமுமே ஒப்படைத்தார். நம் பல்கலைக்கழகங்களில் விலங்கியல் கற்பவர்க்குத் தவளையை வெட்டத் தெரியும். உயிருள்ள ஒரு விலங்கின் முன் இரண்டு மணி நேரம் வாளாவிருந்து எழுதும் பயிற்சி அவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது என்பதை ஆசிரியர்களே கூறட்டும். ஒரு மணிக்கூடும் ஓர் அப்பியாசக் கொப்பியும் போதிய கருவிகள். பட்டியல் மாத்திரம் உலகம் ஒப்பிய பட்டியலாயிருத்தல் வேண்டும்; அதன் சொற்கள் சிங்களத்திலும் தமிழிலும் இருத்தல் வேண்டும். ஆங்கிலப் படிவத்தைக் கண்டு கையொப்பம் மட்டும் இட்டுத் தரும் பராமரிப்பாளரிடமிருந்து எதனை எதிர்பார்க்க முடியும்? ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் இலக்கம் இட்டுவிட்டால், கண்டியில் எழுதியதைச் சிக்காக்கோவில் வாசிப்பதற்கு மொழிபெயர்ப்பாளரும் வேண்டியதில்லை.

2021 ஓகஸ்டிற் பின்னவலையில் இரட்டைக் கன்றுகள் பிறந்தன. நாட்டில் ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாக நிகழாத நிகழ்ச்சி எனப் பத்திரிகைகள் படம் போட்டு மகிழ்ந்தன. இரு கன்றுக்கும் தாய் ஒரே வேளை பாலூட்டியதா, முறைவைத்து ஊட்டியதா? இரவிற் கன்றுகளைச் சூழ்ந்து நின்ற பிற பெண் யானைகள் எவை? பின்தங்கிய கன்றைத் துதிக்கையால் உந்தியது தாயா, வேறொன்றா? எந்த மாதத்தில் அவை தாயை விட்டுப் பத்தடி விலகின? இவற்றை நாள்தோறும் கண்டவர்கள் இன்றும் அங்கே இருப்பார்கள். எவரேனும் ஒரு கொப்பியுடன் சென்று அவர்களிடம் கேட்டு எழுதலாம்.